கடைசி பஸ்ஸை முதலில் காட்டு

கண்ணு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வருகிறவர்கள் காரை எடுக்காமல், காசை இறைக்காமல், காற்றையும் தண்ணீரையும் கெடுக்காமல் சுற்றிவர வழிசொல்லும் செயலி ஒன்று செய்யப்போகிறாயாமே, உன் அப்பா போனில் சொன்னான். ரொம்ப சந்தோஷம். கம்ப்யூட்டர் திரையில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்ற கவலையிலேயே தலை நரைத்தவள் உன் அத்தை. நிறம், எழுத்துரு, நிரல் எல்லாம் இன்றைக்கு என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், அதில் நான் வாய் வைக்கவில்லை. அந்த வேலையைச் செய்கிற ஆள் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்லத் தோன்றியது. எழுத உட்கார்ந்தால் நாலு பன்னிரண்டாகிவிட்டது.

1. முதல் திரையை வரையுமுன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நில். ஒரு காலைவேளை, ஒரு உச்சிவெயில், ஒரு இரவு எட்டு மணி. போனைப் பையில் போட்டுவிடு, ஒரு நோட்டு போதும். யார் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள். "சிதம்பரம் வண்டி எங்க நிக்கும்?" "புவனகிரி போகுமா, முட்லூர்லேர்ந்து நேரா போயிடுமா?" "உக்கார இடம் கிடைக்குமா?" "ராத்திரி திரும்பி வர்றதுக்கு எத்தனை மணி வரைக்கும் வண்டி இருக்கு?" சுற்றிச் சுற்றி இவைதான். இந்த நான்குக்கும் பதில் இல்லாத செயலியில் மற்ற நாற்பது வசதி இருந்து யாருக்கு என்ன பயன்?

அங்கே முன்பு ஒரு டைம் கீப்பர் இருந்தார். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். இடுப்பில் பிள்ளையோடு நிற்பவளிடம், "பத்து நிமிஷம் பொறும்மா, இங்கேர்ந்தே கிளம்புற வண்டி வருது, உக்காந்துட்டுப் போகலாம்" என்பார். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருப்பவரிடம், "இதோ நகருது பாருங்க, ஏறிக்குங்க" என்பார். மூட்டையோடு வந்தவரை, "அடுத்த வண்டி காலியா வரும், பின்னாடி போட்டுக்கலாம்" என்று நிறுத்திவைப்பார். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: சிதம்பரம் வண்டி எது? அந்த மனிதர் செய்ததை உன் திரை செய்யவேண்டும். அவசரமா, உட்கார இடம் வேண்டுமா, சுமை இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள். பெயர், வயது, மின்னஞ்சல், பிறந்தநாள் என்று வாசலிலேயே மறித்தால், நீ கேட்டு முடிப்பதற்குள் வண்டி திருப்பாப்புலியூரைத் தாண்டியிருக்கும்.

2. யாருக்கும் பாடம் நடத்தாதே. சுற்றுச்சூழலைக் காக்கும் பயணம் என்று நீ எதைச் சொல்கிறாயோ, அதை இந்த மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் பேர் வைக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறுகிற அம்மாவிடம் போய்க் கரியமில வாயுவைப் பற்றிப் பேசினால் அவள் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள், அது நியாயமும்கூட. உன் கணக்கு யாருக்குத் தேவை? சென்னையிலிருந்து தனியாகக் காரை எடுத்துக்கொண்டு நடராஜரைப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு. அவருக்குக் காட்டு, ஆனால் உண்மையாகக் காட்டு.

கணக்கு பெரிய வித்தை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. சென்னையிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், போகும்போது மட்டும் 35 கிலோ புகையை விடும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் 45 பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று கிலோகூட வராது. இதைச் சொல்கிற அதே இடத்தில், காரில் நான்கு பேர் நிறைந்து போனால் ஆளுக்கு 9 கிலோதான் என்பதையும் சொல்லு. பஸ் பாதி காலியாக ஓடினால் அதன் பங்கு இரட்டிப்பாகும் என்பதையும் மறைக்காதே. நமக்கு வேண்டியதை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிற வேலை விளம்பரக்காரர்களுடையது. இன்னொன்று, ரூபாயை மேலே வை, புகைக் கணக்கு அதன் கீழே சின்னதாக இருக்கட்டும். மிச்சமாகும் காசைப் பார்த்து பஸ் ஏறுகிறவரும் புகையைக் குறைக்கத்தான் செய்கிறார்.

3. ஊரின் பெயர்களை ஊர்க்காரர் வாயிலிருந்து எடு. கடலூருக்கு ரயில் நிலையம் இரண்டு என்பது உனக்குத் தெரியும், சென்னையில் இருப்பவருக்குத் தெரியாது. மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீஸுக்கோ, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கோ, பஸ் ஸ்டாண்டுக்கோ போகிறவர் திருப்பாதிரிப்புலியூரில், நம் பேச்சுவழக்கில் திருப்பாப்புலியூரில், இறங்கவேண்டும். பழைய கடலூருக்குப் போகிறவருக்கும், நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் ரயில் மாறுகிறவருக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்பு. எல்லா ரயிலும் இரண்டிலும் நிற்கும் என்று நம்பிவிடவும் முடியாது.

நம் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பெட்டிகளில் வந்தார்கள். முதல் பெட்டியில் இருந்தவர்கள் திருப்பாப்புலியூரில் இறங்கிவிட்டார்கள். இரண்டாவது பெட்டிக்காரர்கள், கடலூர் என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துத்தான் இறங்குவோம் என்று உட்கார்ந்திருந்து துறைமுகத்தில் இறங்கினார்கள். தாய்மாமன் ஒரு ஸ்டேஷனில், அவருக்குப் போடவேண்டிய மாலை இன்னொரு ஸ்டேஷனில். உன் தாத்தா அன்றைக்குக் கோபத்தில் சொன்னதை இங்கே எழுதமுடியாது. ஆகவே, தேடும் பெட்டியில் ஒருவர் 'கடலூர்' என்று தட்டியதும் நீயாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடாதே. இரண்டையும் காட்டி, "எந்தப் பக்கம் போகணும்?" என்று கேள். திருப்பாப்புலியூர், திருப்பாதிரிப்புலியூர், என்.டி. (நியூ டவுன்), ஓ.டி. (ஓல்டு டவுன்), பழைய நகரம், துறைமுகம் என்று எப்படி எழுதினாலும் இடம் கிடைக்கவேண்டும். பெயரைத் தப்பாக எழுதிவிட்டார் என்று பயணியைத் திருத்துவது உன் வேலை இல்லை.

4. திரும்பி வரும் வழியை முதலில் காட்டு. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வை.

பிச்சாவரம் படகுத்துறையில் ஒரு சாயங்காலம். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, அந்தப் பெண் சேற்றில் நனைந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அவன் போனைத் தலைக்குமேல் தூக்கி சிக்னல் தேடிக்கொண்டு. சிதம்பரம் வரை ரயில், அங்கிருந்து டவுன் பஸ் என்று ஒரு செயலி சொன்னபடியே வந்திருக்கிறார்கள். ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டார்கள். திரும்பிப் போவதைப் பற்றி அது மூச்சு விடவில்லை. துடுப்புப் படகில் நேரம் போனதே தெரியாமல் சுற்றிவிட்டு வெளியே வந்தால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. டீக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டு ஒரு ஆட்டோவை வரவழைத்துக் கொடுத்தார். கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு ஏறும்போது அந்தப் பையன் மனைவியிடம் சொன்னான்: "அடுத்த தடவை கார்லயே வந்துடலாம்."

கண்ணு, உன் செயலி தோற்கும் இடம் அதுதான். திரையின் நிறமோ பொத்தானின் வளைவோ அந்தப் பையன் கண்ணில்கூடப் பட்டிருக்காது. ஒரு சாயங்காலம் நடுரோட்டில் நின்றதில் ரயிலையும் பஸ்ஸையும் சேர்த்தே வெறுத்துவிட்டான். யாராவது பிச்சாவரம் என்று தேடினால், போகும் நேரத்துக்கு மேலே, பெரிய எழுத்தில், அன்றைக்குத் திரும்பும் கடைசி வண்டியைக் காட்டு. அதைவிட நல்லது, கடைசிக்கு முந்தின வண்டியைப் பரிந்துரை செய். கடைசி வண்டி வராமல் போனால் ஆதரவில்லை, முந்தின வண்டி வராவிட்டால் இன்னொன்று மிச்சம் இருக்கும். கிளம்பவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போன் ஒலிக்கட்டும், படகில் இருந்தாலும் கரைக்கு வர நேரம் வேண்டுமே. அப்புறம், பிச்சாவரத்துக்கு மிக அருகில் உள்ள ரயில் நிலையம் கிள்ளை. எந்த ரயில் அங்கே நிற்கும், எது நிற்காமல் போகும் என்று சரியாகச் சொல்கிற செயலியை நான் இன்னும் பார்க்கவில்லை. நீ செய்தால் முதல் ஆளாக நான் இறக்கிக்கொள்வேன்.

5. தெரியாததைத் தெரியாது என்று சொல். அரசு பஸ்ஸுக்கு அட்டவணை உண்டு, தனியார் பஸ்ஸுக்கும் பர்மிட்டில் நேரம் உண்டு, மினி பஸ்ஸுக்கு ஓட்டுநரின் மனசாட்சி உண்டு, ஷேர் ஆட்டோவுக்கு ஆள் நிறைந்தால் கிளம்பும் நேரம். இந்த நான்கையும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், "8.10" என்று அடித்துக் காட்டுவது பொய் சொல்வதற்குச் சமம். அச்சடித்த நேரத்தை ஒரு மாதிரி காட்டு, கண்டக்டர் சொன்னதை இன்னொரு மாதிரி. "எட்டு மணி வாக்கில்" என்று எழுதுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடு.

நம்பிக்கை போனால் திரும்ப வர எவ்வளவு காலம் ஆகும் என்பதை நம் ஊர்ப் பாதையே காட்டியிருக்கிறது. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரையான பாதையை அகலமாக்கும் வேலைக்காகச் சில வருஷம் ரயிலே ஓடவில்லை. 2010ல் திரும்ப ஓடத்தொடங்கியபோது, நம் தெருவில் தினமும் பாசஞ்சரில் சிதம்பரம் போய் வந்தவர்களில் பாதிப் பேர் பைக் வாங்கியிருந்தார்கள். மெல்ல மெல்லத்தான் திரும்பினார்கள்.

6. கடிகாரத்தோடு பஞ்சாங்கத்தையும் பார். நடராஜர் கோயில் மதியம் நடை சாத்தினால் மறுபடி திறப்பது சாயங்காலம்தான். காலை ரயிலில் சென்னையில் கிளம்பி மதியத்துக்கு மேல் சிதம்பரத்தில் இறங்குகிறவருக்கு நேராகக் கோயிலைக் காட்டினால் மூடிய கதவைத்தான் பார்ப்பார். அவரைச் சாப்பிடச் சொல்லி அனுப்பு. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தின நாள் தேர். அன்றைக்குக் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி நான்கிலும் தேரும் ஜனமும்தான், வண்டிக்கு வழி இருக்காது. சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலி, வடலூரில் தைப்பூச ஜோதி, இந்த நாட்களிலெல்லாம் பஸ்ஸும் வேறு மாதிரி ஓடும், கூட்டமும் வேறு. இதை எந்த வரைபடக் கம்பெனியும் உனக்குச் சொல்லாது, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் சொல்லும்.

மழையையும் சேர்த்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான், நடையைத் தாராளமாகப் பரிந்துரை செய். ஆனால் சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்கு எழுபது வயதுக்காரரை நடக்கச் சொல்லும் செயலிக்கு இரக்கம் கிடையாது.

7. எதை மேலே வைக்கிறாய் என்பதில் கவனமாக இரு. எல்லாச் செயலியும் வேகமான வழியைத்தான் முதலில் வைக்கும். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, செய்தவரே யோசித்திருக்கமாட்டார். 2021 மே மாதத்திலிருந்து நம் மாநிலத்தில் சாதாரண கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு, இருபது நிமிஷம் அதிகமானாலும் காசில்லாத பஸ் எது என்பதுதான் முதல் தகவல். வேகம் என்று பார்த்து அந்த வண்டியை நீ கீழே தள்ளினால், அவள் மாதச் சம்பளத்திலிருந்து நீயே எடுத்த மாதிரி. மேலே எது வரவேண்டும் என்று பயணியே வைத்துக்கொள்ளட்டும், ஒருமுறை வைத்ததை நீ மறக்காதே.

ஒரு நாள் ஓட்டல்காரரோ டாக்ஸிக்காரரோ வந்து, "எங்க பேரை மேலே போடுங்க, மாசாமாசம் தந்துடறோம்" என்பார். வாடகை கட்ட முடியாத மாதத்தில்தான் வருவார், அது என்ன ராசியோ. வாங்குவதென்றால் விளம்பரம் என்று எழுதி, வழிகாட்டும் இடத்துக்கு வெளியே போட்டு வாங்கு. வழியை விற்காதே.

8. எழுத்தைப் பெரிதாக வை. இளவயதில் அழகுக்காக நானும் எழுத்தைச் சின்னதாக்கியவள்தான், இப்போது கண்ணாடியைத் தேடுகிறேன். நம் எழுத்தில் மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானுக்குள் 'திருப்பாதிரிப்புலியூர்' அடங்காது, பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளி நிற்கும். தமிழில் முதலில் வரை, ஆங்கிலம் தானாக அடங்கிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக்கூடாது என்பது உலக வழக்கு. பஸ் ஸ்டாண்டு வெயிலில் அதுவும் போதாது, இன்னும் கூட்டு. சிவப்பு, பச்சை நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதே. திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உன் செயலியில் ஒரு பயணத்தை நீயே திட்டமிட்டுப் பார். பொறுமை போய்விடும், போகட்டும்.

9. சிக்னல் இல்லாத இடத்துக்கும் சேர்த்துச் செய். 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலியை நம் ஊர் ரயில் பயணிகள் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இன்டர்நெட், ஜி.பி.எஸ். இரண்டும் இல்லாவிட்டாலும், வழியில் உள்ள செல்போன் கோபுரங்களை வைத்தே நாம் ஏறியிருக்கும் ரயில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். பெங்களூருவில் சில பேர் சேர்ந்து செய்தது, 2018ல் கூகுள் வாங்கியது. பயணியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் செய்தவர்கள் அவர்கள். உன் அட்டவணை முழுவதும் போனுக்குள்ளேயே உட்காரட்டும். இரண்டு ஊர், சில நூறு வண்டி, அது ஒரு நல்ல புகைப்படத்தின் அளவுகூட வராது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபிறகு மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம் என்று உன் அம்மாவைக் கேள். அந்த மாதிரி நாளில்தான் பஸ் ஓடுகிறதா என்று மனிதர்கள் அதிகம் கேட்பார்கள்.

10. சோதித்துப் பார்க்கும்போது வாயைத் திறக்காதே. ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று திரைப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000ல் எழுதினார், அனுபவத்தில் அது சரிதான். ஆனால் அந்த ஐந்து பேர் யார்? உன் வகுப்புத் தோழர்கள் ஐந்து பேரும் ஒரே ஆள் மாதிரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வெளியூர்ப் பிள்ளை ஒன்று, கீழவீதியில் பூ விற்கும் அம்மா ஒருவர், பேரன் வாங்கிக்கொடுத்த போனை வைத்துக்கொண்டு விழிக்கும் பெரியவர் ஒருவர், முதல் தடவையாகச் சிதம்பரம் வரும் ஒரு குடும்பம், ஒரு கண்டக்டர். கண்டக்டரை விட்டுவிடாதே, உன் தப்புகளை ஐந்து நிமிஷத்தில் அடுக்கிவிடுவார்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அம்மா ஒருவர், இந்த மாதிரி சோதனைக்கு உட்காரும்போது வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொள்வார். மணத்துக்கு என்று நினைத்திருந்தேன். "பேச வாய் வரும்போது கடிச்சுக்குவேன்" என்றார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தவறான பொத்தானை அழுத்தப்போகிறார், உனக்கு நெஞ்சு பதறும், "அது இல்லீங்க, பக்கத்துல" என்று வாய்வரை வரும். சொன்னாயோ, அந்தக் குறையை இனி நீ பார்க்கவே மாட்டாய். பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்ல நீ இருக்கமாட்டாய். ஒருமுறை ஒரு பெரியவர் திரையில் விரலை வைக்காமல் போனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தவித்துப்போனேன், அந்த அம்மா அசையவில்லை. கடைசியில் பெரியவர் தலையை நிமிர்த்தி, "இதுல சிதம்பரம்னு இருக்கு, நான் இப்ப சிதம்பரத்துல இருக்கேன்னு சொல்லுதா, சிதம்பரம் போறேன்னு சொல்லுதா?" என்று கேட்டார். ஆறு மாதமாக அந்தத் திரையோடு குடித்தனம் நடத்திய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

11. எல்லா இடத்தையும் காட்டிவிட ஆசைப்படாதே. பிச்சாவரம் சதுப்புக்காடு சுமார் 1,100 ஹெக்டேர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது, 2022ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2005ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது, தேடிப் படி. அப்படிப்பட்ட இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் ஆயிரம் பேரை உன் செயலி அனுப்பிவைத்தால், அவர்கள் அத்தனை பேரும் பஸ்ஸில் வந்திருந்தாலும் நீ நல்லது செய்ததாக ஆகாது. வாரநாளைக் காட்டு, காலை நேரத்தைக் காட்டு. துடுப்புப் படகையும் மோட்டார் படகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைச் சொல்லு. சுரபுன்னை வேர்கள் தலைக்குமேல் கவியும் குறுகலான கால்வாய்க்குள் நுழைவது துடுப்புப் படகுதான், தள்ளுகிறவருக்கும் அதில்தான் பிழைப்பு. பறவைகள் தங்கும் இடத்தை யாராவது உனக்குக் காட்டிக்கொடுத்தால் கேட்டுக்கொள், வரைபடத்தில் புள்ளி வைக்காதே. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அங்கே போய்க் கேட்டுவிட்டுச் செய்.

12. சேர்த்ததைப் பூட்டிவைக்காதே. பஸ் நேரங்களை எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும்படி எழுதிவைக்க ஜி.டி.எஃப்.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது. 2005ல் அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்துப் போக்குவரத்துக்காரர்களும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நீ சேர்க்கும் கடலூர், சிதம்பரம் நேரங்களை அந்த முறையிலேயே எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வை. சென்னையில் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' வந்து பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் கோத்துவிட்டது. நம் பக்கம் அது எப்போது வருமோ. வரும்போது உன் அட்டவணை தயாராக இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். உன்னுடைய செயலியே நின்றுபோனாலும், எந்த நேரத்துக்கு எந்த வண்டி என்று நீ நடந்து நடந்து எழுதியது அடுத்த பிள்ளைக்குப் பயன்படும். பயணிகள் எங்கே போனார்கள், வந்தார்கள் என்ற விவரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதே, சேர்த்தே வைக்காதே. நாளைக்கு யார் கேட்டாலும் கையை விரிக்கலாம்.

வருகிற ஞாயிறு சும்மா இருந்தால் வா. கிள்ளை ஸ்டேஷனில் எந்தெந்த பாசஞ்சர் நிற்கிறது, அங்கிருந்து படகுத்துறைக்கு என்ன வண்டி கிடைக்கிறது என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடலாம். மத்தியானச் சாப்பாடு என் செலவு. திரும்பும் வண்டியை நீ பார்த்துவை.